பேங்காக்: ஊஞ்சல் நின்றது, பாட்டு நிற்கவில்லை

பேங்காக் போய் வந்தவர்களைக் கேட்டால் அரண்மனை, மரகத புத்தர், படுத்த புத்தர், படகுப் பயணம், இரவுச் சந்தை என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். பழைய நகரின் நடுவில், வாட் சுத்தாட் ஆலயத்தின் எதிரே நிற்கும் இரண்டு சிவப்புக் கம்பங்கள் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. சுற்றுலாப் பேருந்து அந்தச் சதுக்கத்தைக் கடக்கும்போது வழிகாட்டி கையை நீட்டி, "அதுதான் ராட்சத ஊஞ்சல்" என்பார். எல்லாரும் சன்னல் பக்கம் திரும்புவார்கள். 21 மீட்டருக்கு மேல் உயரமான தேக்குக் கம்பங்கள். உச்சியில் செதுக்கு வேலைப்பாடு கொண்ட குறுக்குச் சட்டம். கயிறும் இல்லை, பலகையும் இல்லை. "ஊஞ்சல் எங்கே?" என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருக்கமாட்டார்.

தாய்லாந்து மக்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர்தான் சரியானது. 'சாவ் சிங் சா' என்றால் ஊஞ்சல் கம்பம் என்று பொருள். அந்த ஊஞ்சல் கடைசியாக ஆடி ஏறக்குறைய 90 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் எந்தத் திருவிழாவுக்காக அது கட்டப்பட்டதோ, அந்தத் திருவிழா இன்றும் நடக்கிறது. அதன் பெயர் 'திரியம்பவாய், திரிபவாய்'. வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்த்தால் விளங்கிவிடும். மார்கழி விடியற்காலையில் மலேசிய, சிங்கப்பூர் ஆலயங்களில் ஒலிக்கும் திருவெம்பாவையும் திருப்பாவையும்தான் அவை.

பத்து நாள் விருந்தாளி

சிவபெருமான் ஆண்டுக்கு ஒருமுறை பூமிக்கு இறங்கி வந்து பத்து நாள் தங்குகிறார் என்பது அந்தத் திருவிழாவின் அடிப்படை. அவரை வழியனுப்பிய பிறகு திருமால் ஐந்து நாள் விருந்தாளியாக வருகிறார். டிசம்பர் இறுதியிலோ ஜனவரியிலோ, தாய் நாட்டுச் சந்திர நாட்காட்டியை ஒட்டி இது வரும். நம் மார்கழியும் தையும் சந்திக்கும் காலம் என்று வைத்துக்கொள்ளலாம்.

விருந்தாளி வந்தால் ஊர் களிக்க வேண்டாமா? அதற்குத்தான் ஊஞ்சல். நாகப்பாம்பின் தலை போன்ற தலையணி அணிந்த இளைஞர்கள் நான்கு நான்கு பேராகப் பலகையில் ஏறி நின்று ஆடுவார்கள். கம்பத்திற்குச் சற்றுத் தள்ளி ஒரு மூங்கில் நட்டு, அதன் நுனியில் வெள்ளிக்காசு முடிந்த பையைக் கட்டியிருப்பார்கள். ஊஞ்சல் வானத்தை நோக்கி எழும்போது முன்னால் நிற்பவர் எட்டி அந்தப் பையைப் பல்லால் கவ்வ வேண்டும். முதல் சுற்றுக்கு 12 பாட், இரண்டாம் சுற்றுக்கு 10 பாட், மூன்றாம் சுற்றுக்கு 8 பாட் பரிசு. அன்றைக்கு அது சிறிய தொகையல்ல.

சிவபெருமானின் இடத்தில் அரசாங்கத்தின் உயர்குடிப் பிரபு ஒருவர் அமர்த்தப்படுவார். அந்தப் பொறுப்பு ஆண்டுக்கு ஒருவரிடம் போகும். ஊர்வலம், பட்டாடை, பரிவாரம் எல்லாம் உண்டு. ஆனால் ஊஞ்சல் ஆடி முடியும் வரை அவர் ஒரு காலை மட்டுமே தரையில் ஊன்றியிருக்க வேண்டும். மற்றொரு காலும் தரையைத் தொட்டுவிட்டால் அவருடைய உடைமையைப் பறித்துக்கொள்ளலாம் என்பது பழைய வழக்கு. பூமி உறுதியாக நிற்கிறதா என்று சோதிக்க, சிவன் ஒற்றைக் காலில் நின்றார், நாகங்கள் மலையைச் சுற்றி இழுத்துப் பார்த்தன, அவர் கால் சரியவில்லை என்று ஒரு கதை சொல்லப்படுகிறது. கம்பங்கள் மலை, ஊஞ்சல் ஆடுகிறவர்கள் நாகங்கள். ஆட்டம் முடிந்ததும் அந்த இளைஞர்கள் எருமைக் கொம்பில் தண்ணீர் மொண்டு ஒருவர்மேல் ஒருவர் தெளித்து ஆடுவார்கள். பேங்காக் மக்கள் சதுக்கம் கொள்ளாமல் கூடிய நாள் அது.

வேடிக்கையாகத் தெரிந்தாலும் ஆபத்தான விளையாட்டு. அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்து உயிரிழந்தவர்கள் உண்டு. செலவும் அதிகம். 1930களில், ஏழாம் ராமா மன்னரின் காலத்தோடு ஊஞ்சலாட்டம் நின்றுபோனது. உலகப் பொருளாதார மந்தம் அரச கருவூலத்தையும் விட்டுவைக்காத காலம் அது. 1932-இல் மன்னரின் தனியாட்சியே முடிவுக்கு வந்துவிட்டது.

தென்கரை வழியாக வந்தவர்கள்

தமிழ்ப் பாட்டு தாய் நாட்டு அரசவைக்கு எப்படிப் போனது? கடல் வழியைப் பார்த்தால் வியப்பு குறைந்துவிடும். தாய்லாந்தின் தென்மேற்குக் கரையில் உள்ள தகுவா பா என்ற ஊரில் 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. அவனி நாரணம் என்ற குளத்தையும், அதைக் காக்கும் பொறுப்பை ஏற்ற மணிக்கிராமத்து வணிகர்களையும் அது குறிப்பிடுகிறது. குளம் வெட்டி, அதற்குக் காவலும் ஏற்பாடு செய்கிறவர்கள் ஒரு நாள் இரண்டு நாள் தங்கிப் போகிறவர்கள் அல்லர். தகுவா பாவிலிருந்து நிலத்தைக் குறுக்கே கடந்தால் கிழக்குக் கரை. அங்கே நக்கோன் சி தம்மராட் என்ற பழைய நகரம். தாய்லாந்தின் பிராமணக் குடும்பங்கள் பல அந்த வட்டாரத்தையே தங்கள் பூர்வீகமாகச் சொல்கின்றன. நம் கெடா, பெர்லிஸ் எல்லையிலிருந்து பார்த்தால் அதிகத் தொலைவு இல்லை.

அயுத்தயாவின் அரசவையில் பணியாற்றிய பிராமணர்களின் மரபு 1767-இல் ஏறக்குறைய அறுந்துபோகும் நிலைக்கு வந்தது. பர்மியப் படை அந்தத் தலைநகரைக் கொளுத்தியது. நானூறு ஆண்டுகளுக்கு மேல் தலைநகராக இருந்த ஊர் சாம்பலானது. ஏடுகளும் போயின, அவற்றை மனப்பாடமாக அறிந்தவர்களும் சிதறினர். 15 ஆண்டு காலம் ஆற்றின் மேற்குக் கரையில் தொன்புரியில் ஆட்சி நடந்தது. 1782-இல் முதலாம் ராமா ஆட்சிக்கு வந்தார். அவர் கிழக்குக் கரைக்கு மாறி, அங்கிருந்த சீன வணிகர்களைச் சற்றுத் தெற்கே குடியமர்த்தினார். அதுதான் இன்றைய சம்பேங் சீனர் பகுதி. அந்த ஆண்டு ஏப்ரல் 21-இல் நகரத் தூண் நடப்பட்டது. புதிய மதில்களுக்கு அயுத்தயாவின் இடிபாடுகளிலிருந்து செங்கற்களைப் படகில் கொண்டு வந்தார்கள்.

செங்கல்லைப் படகில் ஏற்றிவிடலாம். சடங்குகளை எப்படி ஏற்றுவது? மன்னர் தெற்கேயிருந்து பிராமணர்களை வரவழைத்தார். 1784-இல் அவர்களுக்காகத் தேவஸ்தானம் என்ற கோயில் கட்டப்பட்டது. சிவனுக்கு ஒன்று, பிள்ளையாருக்கு ஒன்று, திருமாலுக்கு ஒன்று என மூன்று மண்டபங்கள். கோபுரம் இல்லாமல், வெள்ளைச் சுவரும் தாய்நாட்டுக் கூரையுமாக இருப்பதால் நம்மவர்கள் அதைக் கோயில் என்று அடையாளம் காணாமலே கடந்துவிடுவதுண்டு. அதே ஆண்டில் அதன் அருகே ஊஞ்சலும் எழுப்பப்பட்டது.

புதிய தலைநகருக்கு வைத்த பெயரையும் இங்கே சொல்லிவிட வேண்டும். உலகின் மிக நீளமான ஊர்ப் பெயர் என்று சாதனைப் புத்தகத்தில் ஏறிய பெயர் அது. தாய் உச்சரிப்பில் 'குருங் தேப் மகா நக்கோன் அமோன் ரத்தனகோசின்' என்று தொடங்கும். சொற்களின் மூலத்தைப் பார்த்தால் தேவ, மகா நகர, அமர, ரத்ன, இந்திர, அயோத்தியா, நவரத்ன, ராஜதானி, மகாஸ்தான, விமான, அவதார, விசுவகர்ம என்று தமிழ் வாசகருக்குப் பழக்கமான சொற்களாகவே வரும். இந்திரன் அளிக்க, விசுவகர்மா கட்டிய தேவர்களின் நகரம் என்பது சாரம். வெளிநாட்டவர் சொல்லும் பேங்காக் என்ற பெயர் பழைய ஆற்றங்கரைக் கிராமத்தின் பெயர். 2022-இல் தாய்லாந்தின் அரச கழகம் 'குருங் தேப் மகா நக்கோன்' என்பதை வெளிநாட்டு வழக்கிலும் அதிகாரபூர்வப் பெயராக முன்வைத்தது. பேங்காக் என்பதும் தொடரலாம் என்று அறிவித்தது.

பொருள் தெரியாத பாட்டு

தேவஸ்தானத்துப் பிராமணர்கள் தமிழர் அல்லர். தமிழ் பேசத் தெரியாது. நீண்ட முடியைக் கொண்டை போட்டு, வெள்ளை உடுத்தியிருப்பார்கள். பௌத்தத்தையும் பின்பற்றுகிறார்கள். தலைமைப் பிராமணருக்கு 'பிரா மகா ராஜகுரு' என்பது பட்டம். தந்தையிடமிருந்து மகன் என்ற முறையில் அவர்கள் ஓதக் கற்கும் பாடல்களில் மாணிக்கவாசகரின் திருவெம்பாவையும் அடக்கம்.

கிரந்தத்திலிருந்து கிளைத்த ஓர் எழுத்தில் அந்த ஏடுகள் எழுதப்பட்டிருந்தன. பின்னர் தாய் எழுத்தில் பெயர்த்துக்கொண்டார்கள். வாய்வழியாகப் பல தலைமுறை கடந்ததில் ஓசை உருமாறிவிட்டது. தமிழில் இல்லாத ஏற்ற இறக்கங்கள் ஏறிவிட்டன. சொற்கள் இடம் மாறி ஒட்டிக்கொண்டன. முதல் தடவை கேட்கும் தமிழருக்கு இது தமிழ் என்றே தோன்றாது. ஆனால் ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் பாவையை விளிக்கும் அந்த ஈற்றுச் சொற்கள் திரும்பத் திரும்ப வரும்போது காது பிடித்துக்கொள்ளும்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1960களில் இந்திய இயல் துறைக்குத் தலைமை வகித்த தனிநாயகம் அடிகள், அதற்கு முன்பே பேங்காக்கில் இதைக் கண்டறிந்து எழுதினார். 1972-இல் நீலகண்ட சர்மா, தாய்லாந்தில் ஓதப்படும் வடமொழி, தமிழ்ப் பாடங்களைத் தொகுத்துப் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு நூலாக வெளியிட்டார். எது திருவெம்பாவை, எது தேவாரம் என்று மூலப் பாடல்களோடு ஒப்பிட்டுப் பார்க்க அது வழிசெய்தது.

பொருள் தெரியாமல் ஓதுவதில் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். பாட்டின் பொருளை அறிந்த ஒருவர், பழைய சொல் புரியாவிட்டால் தமக்குத் தெரிந்த சொல்லைப் போட்டுத் திருத்திவிடக்கூடும். பொருள் தெரியாதவருக்குத் திருத்தும் துணிவு வராது. குரு எப்படி ஓதினாரோ அப்படியே ஓத முயல்வார். உச்சரிப்பு தேய்ந்ததே தவிர, பாட்டு வேறொன்றாகவில்லை. அதனால்தான் அறிஞர்களால் அதை மீண்டும் அடையாளம் காண முடிந்தது.

2019 மே மாதம் மன்னர் மகா வஜிரலங்கோன் முடிசூடியபோது, ஒன்பது அடுக்கு வெண்குடையையும் மற்ற அரசச் சின்னங்களையும் அவரிடம் எடுத்துக் கொடுத்தவர் இந்தத் தலைமைப் பிராமணர்தான். உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது.

கம்பத்திற்குக் கிடைத்த கவனிப்பு

ஊஞ்சல் கம்பத்தின் கதை வேறு. முதலில் அது தேவஸ்தானத்தின் அருகில் இருந்தது. எரிவாயு ஆலைக்கு இடம் தேவைப்பட்டதால் 1920-இல் இன்றைய இடத்திற்கு மாற்றினார்கள். அப்போது தேக்கு மரத்தை நன்கொடையாகக் கொடுத்தது லூயிஸ் லியோனோவன்ஸ் நிறுவனம். நான்காம் ராமாவின் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்து, பின்னர் சினிமாவிலும் நாடகத்திலும் பெயர் பெற்ற ஆனா லியோனோவன்ஸ் அம்மையாரின் மகன் தொடங்கிய மரவணிகம் அது.

வெயிலும் மழையும் மரத்தை அரித்தன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பங்கள் ஆபத்தான நிலைக்கு வந்தபோது, மாநகர நிர்வாகம் வடக்கே பிரே மாநிலத்தில் ஆறு பெரிய தேக்கு மரங்களைத் தேடிப் பிடித்தது. இரண்டு, முதன்மைக் கம்பங்களுக்கு. நான்கு, தாங்கு கம்பங்களுக்கு. 2006 அக்டோபர் இறுதியில் பழையதைப் பிரித்து, ஆண்டு முடிவதற்குள் புதியதை நிறுத்தினார்கள். 2007 செப்டம்பரில் மன்னர் பூமிபோல் முன்னிலையில் விழா நடந்தது. ஆறு மரம், அரச விழா, ஊரே திரண்ட மரியாதை எல்லாம், ஆடாத ஓர் ஊஞ்சலுக்கு.

நின்றுபோன மற்றொன்றை அவர்கள் மீட்டதும் உண்டு. மே மாதத்தில் அரண்மனையை அடுத்த சனாம் லுவாங் திடலில் நடக்கும் பொன்னேர் விழா இடையில் சில காலம் கைவிடப்பட்டு, 1960-இல் மீண்டும் தொடங்கியது. வேளாண் அமைச்சின் நிரந்தரச் செயலாளர்தான் ஏரோட்டுபவர். மூடி வைத்த மூன்று துணிகளில் ஒன்றை அவர் எடுப்பார். நீளமான துணி வந்தால் மழை குறைவு, குட்டைத் துணி என்றால் மழை அதிகம். வெள்ளத்தில் வேட்டியைத் தூக்கிக் கட்டுவதை நினைத்துக்கொண்டால் கணக்கு மறக்காது. உழுது முடித்த எருதுகளுக்கு நெல், சோளம், பயறு, எள், புல், தண்ணீர், மது என்று ஏழு வகை வைப்பார்கள். எதில் வாய் வைக்கிறதோ அதற்கேற்ப ஆண்டுபலன். விழா முடிந்ததும் விவசாயிகள் திடலுக்குள் ஓடி, விதைத்த நெல்மணிகளைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொள்வார்கள். வீட்டு விதையோடு கலந்தால் விளைச்சல் பெருகும் என்று நம்பிக்கை.

இந்தத் திடலுக்குப் பக்கத்திலேயே, மரகத புத்தர் ஆலயத்தின் சுற்று மண்டபத்தில் 178 பகுதிகளாக ராமாயணம் தீட்டப்பட்டிருக்கிறது. முதல் படம் எது தெரியுமா? சனக மன்னர் ஏர் ஓட்டும்போது சீதை கிடைப்பது. முதலாம் ராமா 1797-இல் தொகுத்த ராமகியனில் சீதை இராவணனுக்கே பிறந்து, ஆற்றில் விடப்பட்ட பிள்ளை. அனுமன் பிரம்மசாரி அல்ல, காதல் மன்னன். கம்பனைப் படித்தவர்களுக்கு முதலில் திக்கென்றிருக்கும்.

வாட் போ ஆலயத்திற்குப் போகிறவர்கள் 46 மீட்டர் நீளப் படுத்த புத்தரைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அங்கே 1,400-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. மருத்துவம், இலக்கணம், உடம்பு பிடித்துவிடும் முறை என்று மூன்றாம் ராமா தம் காலத்து அறிவையெல்லாம் சுவரில் பதிக்கச் செய்தார். யுனெஸ்கோ 2011-இல் அவற்றை உலக ஆவணமாக ஏற்றது. அதே வளாகத்தில் இன்றும் பிடித்துவிடும் கலையைக் கற்பிக்கிறார்கள். சுவரில் இருப்பது கையிலும் இருக்கிறது. அந்த ஆலயத்தின் சிறப்பே அதுதான்.

கோட்டை நிற்கிறது, குடிகள் இல்லை

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. முதலாம் ராமா கட்டிய 14 காவல் கோட்டைகளில் எஞ்சியவை இரண்டே. அவற்றில் ஒன்று மகாகான் கோட்டை. அதன் மதிலை ஒட்டிப் பல தலைமுறைகளாக ஒரு குடியிருப்பு இருந்தது. பழைய தேக்கு வீடுகள், பறவைக் கூண்டு செய்கிறவர்கள், கைத்தொழிலாளர்கள். 1992-இல் அந்த நிலத்தைப் பூங்காவுக்காக எடுக்க ஆணை வந்தது. குடியிருப்பாளர்கள் எதிர்த்தார்கள். "நாங்களே வீடுகளைப் பராமரிக்கிறோம், வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறோம், இந்த இடத்தையே வாழும் அரும்பொருளகமாக வைத்துக்கொள்வோம்" என்பது அவர்கள் கோரிக்கை. பல்கலைக்கழக அறிஞர்களும் கட்டடக் கலைஞர்களும் துணை நின்றார்கள். கால் நூற்றாண்டுப் போராட்டம் 2018 ஏப்ரலில் முடிந்தது. கடைசி வீடுகளும் அகற்றப்பட்டன. இப்போது அங்கே பூங்கா. கோட்டைக்கு வெள்ளையடித்து நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். பூங்கா பொது மக்களுக்கு வேண்டும் என்ற வாதத்தையும் தள்ளிவிட முடியாது. ஆனாலும், கம்பத்திற்கு ஆறு மரம் தேடிய ஊர் இந்த மர வீடுகளையும் காப்பாற்றியிருக்கலாம்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில், பொன்மலைக் கோயிலுக்குப் பின்னால் பான் பாட் என்ற சந்து இருக்கிறது. பிக்குகளின் பிச்சைப் பாத்திரத்தைக் கையால் அடித்துச் செய்யும் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. அயுத்தயா அழிந்தபோது தப்பி வந்தவர்களின் வழி என்று சொல்லிக்கொள்கிறார்கள். எட்டு உலோகத் துண்டுகளை இணைத்துத்தான் ஒரு பாத்திரம் உருவாகும். எட்டு என்பது புத்தரின் எண்வழிப் பாதையைக் குறிக்கிறது. ஆலைப் பாத்திரங்கள் மலிவாக வந்துவிட்டதால் விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்களே மிஞ்சியுள்ளன. சுத்தியல் ஓசை கேட்டுத்தான் அந்தச் சந்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

நகரின் மறுபக்கம், சீலோம் சாலையில், 19-ஆம் நூற்றாண்டில் குடியேறிய தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் உள்ளது. அங்கே கோபுரம் உண்டு, குங்குமம் உண்டு. விசயதசமி இரவில் சீலோம் சாலையையே அடைத்துவிட்டு அம்மன் ஊர்வலம் போகும்போது, கூட்டத்தில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்களும் சீனர்களுமே. தெருவில் பூ அலங்காரம் செய்து, தேங்காய் உடைக்கக் காத்து நிற்பார்கள். தமிழ் தெரிந்தவர்களின் கோயில் அது ஒன்று; தமிழ் தெரியாமலே தமிழ் ஓதும் தேவஸ்தானம் இன்னொன்று. நடுவில் ஐந்தாறு கிலோமீட்டர் போக்குவரத்து நெரிசல்.

தேவஸ்தானத்தில் திருவிழாக் காலத்து இரவுகளில் நெற்பொரி, வாழைப்பழம், தேங்காய், கரும்பு, கிழங்கு ஆகியவற்றைப் படைக்கிறார்கள். பூசை முடிந்ததும் வந்தவர்களுக்குப் பிரசாதமாகப் பகிர்ந்து கொடுப்பார்கள். தெய்வங்களை வழியனுப்பும் இரவில், அன்னப் பறவை வடிவிலான சிறு பீடம் ஒன்றை மண்டபத்துக்குள் தொங்கவிடுகிறார்கள். சிறிய திருவுருவங்களை அதில் எழுந்தருளச் செய்து, சங்கு ஊத, ஒரு பிராமணர் மெல்ல அதை ஆட்டுகிறார். மற்றவர்கள் ஓதுகிறார்கள். வெளியே, சதுக்கத்தில், சிவப்புக் கம்பங்களைச் சுற்றி வாடகை வண்டிகள் போய்க்கொண்டிருக்கும். உள்ளே ஊஞ்சல் ஆடிக்கொண்டிருக்கும்.